மூலை உடைந்த வெள்ளைக் கட்டை

வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்தானே? மணமே சொல்லுதே. பல் இல்லாத கிழவன், அதான் வேண்டாங்கிறான்னு நினைச்சிராதீங்க. இதோ பாருங்க. ஈ. எப்படி? எழுபது தாண்டின வாயில இப்படி ஒரு வரிசையை எங்கேயாவது பாத்திருக்கீங்களா? இன்னைக்குச் சாயங்காலம் இதுக்கு ஒரு வேலை இருக்கு. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும், அவ்வளவுதான்.

வாகைக்குளம் வந்தா மட்டும் ஒரு குரல் குடுங்க. ஏர்போர்ட்டுக்குப் போறேன். என் மகன் வாரான். கப்பல்ல வேலை. ரெண்டு வருஷமா அவன் மூஞ்சியைப் போன்லதான் பாத்தோம், அதுவும் பாதி நேரம் மூக்கு மட்டும்தான் தெரியும். "டாக்ஸி பிடிச்சுப் போங்க மாமா"ன்னு மருமகள் சொன்னாள். டாக்ஸிக்காரன் ரோட்டைப் பாத்து ஓட்டுவான், நம்ம பேச்சைக் கேக்க மாட்டான். பஸ்ஸுன்னா உங்களை மாதிரி ஒரு நல்ல மனுஷன் பக்கத்தில மாட்டுவாரு. ஜன்னல் ஓரமும் எனக்கே விட்டுக் குடுத்துட்டீங்க. இனி நீங்க எங்கே போக முடியும்?

என் பேர் யோபு. வேதத்தில, அதான் பைபிள்ல, பொறுமைக்குப் பேர் போனவரோட பேர். இப்படி ஒரு பேரை வச்சுக்கிட்டு நான் பொய் சொல்வேனா?

எனக்கு ஒரு நியாயம் வேணும் தம்பி. பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சண்டை போட்டாலும் போடுவீங்க, உங்க முகத்தைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. அந்தப் பள்ளிக்கூடத்து ஹாலுக்குள்ள இனிமேல் நான் கால் வைக்கக் கூடாதாம். பியானோ விழா நடக்கும்போது நான் சைகை காட்டினேனாம். கண்ணடிச்சேனா? இல்ல. தலையை ஆட்டினேனா, தாளம் போட்டேனா, விரலை மடக்கினேனா? இல்ல. ஒரு இருமல் கூட இருமல. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என் பேத்தி ஹெப்சிபா. ஹெப்சின்னு கூப்பிடுவோம். நாலாம் வகுப்பு. சனிக்கிழமை ஆனா அவளைப் பியானோ வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. மருமகள் நர்ஸ், அவளுக்கு ஆஸ்பத்திரி டூட்டி. பியூலா டீச்சர் வகுப்பறையில கீபோர்டு வச்சுச் சொல்லிக் குடுப்பாங்க. பாடம் முடிஞ்ச பிள்ளை பக்கத்து ஹாலுக்குப் போய், அங்கே இருக்கிற பெரிய பியானோவுல தனியா வாசிச்சுப் பழகணும். மத்த பிள்ளைகள் பெஞ்சில வரிசையாக் காத்திருக்கும். அந்தப் பெஞ்சோட ஓரத்தில நான்.

டீச்சரே கேட்டுக்கிட்டாங்க, "தாத்தா, பிள்ளைகள் சத்தம் போடாமக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க"ன்னு. பாத்துக்கிட்டேன். ஒரு சத்தம் வராது. வாயைப் பிளந்துக்கிட்டு என் பேச்சைக் கேக்கிற பிள்ளை எப்படிச் சத்தம் போடும்?

அது சாதாரணப் பியானோ இல்ல பாத்துக்கிடுங்க. தூத்துக்குடித் துறைமுகத்தில நான் கிரேன் ஓட்டினவன். அந்தப் பியானோவைக் கப்பல்லருந்து இறக்கினதே நான்தான். நடுவானத்தில தொங்கும்போது மேற்கேருந்து கச்சான் காத்து ஒண்ணு அடிச்சது பாருங்க, அது தன்னால வாசிக்க ஆரம்பிச்சிட்டது! மூட்டை தூக்கிட்டுப் போன ஆளெல்லாம் மூட்டையை இறக்கி வச்சிட்டு நின்னான். கப்பல் கேப்டன் தொப்பியைக் கழட்டிட்டு அழுதான். நானும் இறக்க மனசில்லாம பாட்டு முடியுறவரைக்கும் அப்படியே பிடிச்சிருந்தேன்.

என்ன சிரிக்கீங்க? பியானோ உள்ளே நூறு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு, அதானே? இதே கேள்வியை டைட்டஸும் கேட்டான். தேதியைத் தப்பா எழுதிட்டாங்கடேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டான்.

டைட்டஸ் யாருன்னா, பல் டாக்டர் பொன்னையாவோட பேரன். ஹெப்சி வகுப்புதான். பியூலா டீச்சர்கிட்ட படிக்கிற பிள்ளைகளில ஹெப்சியும் அவனும்தான் கெட்டிக்காரங்க. இவ ஒரு பாட்டை ஒரு வாரத்தில படிச்சா அவன் அஞ்சு நாள்ல படிச்சிட்டு வருவான். அஞ்சு நாள்ல படிச்சிட்டு, "நான் படிக்கவே இல்ல"ன்னும் சொல்லுவான்.

டிசம்பர் ஆரம்பத்தில பள்ளிக்கூடத்தில பியானோ விழா. அதில முதல் பரிசு வாங்குற பிள்ளைதான் கிறிஸ்மஸுக்கு முந்தி வர்ற கீத ஆராதனையில, பெரிய கோயில்ல, கடைசிப் பாட்டுக்குப் பியானோ வாசிக்கும். அங்கே அது வழக்கம். கோயில்னா சர்ச்சு தம்பி, எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஹெப்சி என்ன செஞ்சாள்னா, போன்ல அவ அப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டாள். "அப்பா, நீங்க வாற அன்னைக்குத்தான் கீத ஆராதனை. நான்தான் வாசிப்பேன். நீங்க முன் வரிசையில உக்காரணும்." இவன் அங்கே நடுக்கடல்ல நின்னுக்கிட்டு, "சரிட்டி தங்கம்"னு சொல்லிட்டான். அன்னையிலருந்து அவளுக்குச் சோறு இறங்கல. கைவிரல் சாப்பாட்டுத் தட்டு மேலயும் வாசிச்சுக்கிட்டே இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். ஆகஸ்டுல ஒரு சனிக்கிழமை. சம்பந்தி வீட்டிலருந்து பொரிவிளங்காய் உருண்டை வந்திருந்தது. உருண்டைன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. கிரிக்கெட் பந்துதான் அது. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு எந்த டாக்டரோ எழுதி வச்சிட்டான், மருமகள் நர்ஸ் வேறயா, இனிப்பு டப்பாவை அலமாரி உச்சியில வச்சிருந்தாள். நான் கிரேன் ஓட்டினவன். உச்சியில இருக்கிறதை இறக்குறது எனக்கு ஒரு வேலையா?

ஹால்ல ஹெப்சி வாசிச்சுக்கிட்டிருக்கிறாள். மத்த பிள்ளைகள் அன்னைக்கு இன்னும் வகுப்புக்குள்ள. நான் மெதுவாச் சட்டைப் பையிலருந்து உருண்டையை எடுத்தேன். ஒரு கடி. டக். உருண்டை உடைஞ்சதுன்னு நினைச்சேன். உருண்டைக்கு ஒண்ணும் ஆகல.

ஹெப்சி திரும்பிப் பாத்தாள். "தாத்தா! ரத்தம்! என்னாச்சு?"

உண்மையைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மருமகள் காதுக்குப் போயிரும். அதனால, அவ பயப்படக் கூடாதேன்னு, நிதானமாக் கேட்டேன்: "ஏட்டி, இப்ப நீ எந்தக் கட்டையை அழுத்தின?"

காட்டினாள். பியானோ மூடியோட பூட்டு ஓட்டைக்கு நேரா இருக்கிற வெள்ளைக் கட்டை. பழுப்பேறி, ஒரு மூலை உடைஞ்சு, பாக்கிறதுக்கு அப்படியே ஒரு கடைவாய்ப் பல். அதைப் பாத்ததும் எனக்கு மீதி தன்னால வந்துட்டது.

"பியானோவுக்கு எண்பத்தெட்டுப் பல்லுட்டி. அதுல இது ஒண்ணுக்கு மட்டும் மூலை போயிட்டு. அந்த ஆத்திரம் அதுக்கு. யாரு இதை அழுத்துறாங்களோ, அவங்க வீட்டில வயசான ஆளோட பல்லு ஒண்ணைப் புடுங்கிரும்."

நெருப்பைத் தொட்ட மாதிரிக் கையை இழுத்துக்கிட்டாள். அப்புறம் மெதுவா, "தாத்தா, இதுக்கு முன்னாடியும் நான் நிறைய அழுத்தியிருக்கேனே"ன்னாள்.

வாயைத் திறந்து காட்டினேன். ஏற்கெனவே உள்ளே பாதி காலிதான். அவ ஒண்ணு ஒண்ணா எண்ணினாள். எண்ண எண்ணக் கண்ணு நிறைஞ்சு போச்சு. "எல்லாம் நானா தாத்தா?"

"தெரியாமத்தானே செஞ்சே. போனது போட்டும்"னு பெரிய மனசோட மன்னிச்சு விட்டுட்டேன்.

அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு போனா மத்தது நிக்குமா? அக்டோபருக்குள்ள மிச்சமிருந்ததும் ஆட ஆரம்பிச்சது. நான் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கொஞ்சம் நீளமான கல்யாணம். திரும்பி வரும்போது வாயில முழு வரிசை. எப்படின்னு கேக்காதீங்க தம்பி. அந்தக் கல்யாணத்துக்கு டாக்டர் பொன்னையாவும் ஏற்பாடு செஞ்சு குடுத்தார்னு வச்சுக்கிடுங்க. "உயிர் போனாலும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது டாக்டர்"னு நான் அவர்கிட்ட வாக்கு வாங்கியிருந்தேன். மருமகள் மட்டும் ஒரு மாதிரிப் பாத்தாள். "மாமா, பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிருங்க"ன்னாள். எந்த உண்மைன்னு கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டு உள்ளே போயிட்டாள்.

ஹெப்சி ஓடி வந்தாள். என் வாயைப் பாத்தாள். "தாத்தா! முளைச்சிட்டு! நான் அதை அழுத்தவே இல்லல்லா, அதான் எல்லாம் முளைச்சிட்டு!"

நான் ஒண்ணும் சொல்லல தம்பி. கவனிச்சுக்கிடுங்க. சொன்னது அவதான். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். ஒரு பிள்ளை அவ்வளவு சந்தோஷமா இருக்கும்போது இல்லைன்னு தலையை ஆட்டுறதுக்கு மனுஷனுக்கு மனசு வருமா?

அடுத்த சனிக்கிழமை, ஹெப்சி சொல்லி, பெஞ்சில இருந்த அத்தனை பிள்ளையும் வரிசையில வந்து என் வாயைப் பாத்தது. டைட்டஸ் பென்சிலால ஒரு பல்லைத் தட்டியே பாத்தான். அவன் யாரு, டாக்டர் பேரன் இல்லையா! அன்னைக்கே வீட்டுக்குப் போய் அவன் தாத்தாகிட்ட விசாரிச்சிருக்கிறான்.

"தாத்தா, வயசானவங்களுக்கு விழுந்த பல்லு மறுபடி முளைக்குமா?"

"முளைக்காதுடே."

"அப்ப ஹெப்சி தாத்தாவுக்கு?"

டாக்டர் பொன்னையா குடுத்த வாக்கைக் காப்பாத்துற மனுஷன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாராம். "அதைப் பத்தி நான் பேசக் கூடாதுடே"ன்னாராம்.

முடிஞ்சது! டாக்டரே பேசப் பயப்படுற விஷயம்னா அப்புறம் எந்தப் பிள்ளை அந்தக் கட்டை பக்கம் போகும்? போதாததுக்கு, ஒருநாள் பியூலா டீச்சர் துணி வச்சுப் பியானோவைத் துடைக்கும்போது அந்தக் கட்டையை நல்லா ஓங்கி அழுத்திட்டாங்க. பிள்ளைகளெல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டது. அடுத்த வாரம் டீச்சர் வரல. "எங்க அப்பாவுக்குப் பல்லு வலி, வேலூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்"னாங்க. சத்தியமா அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. ஆனா நேரம் பாத்தீங்களா, எப்படி அமையுது!

வகுப்புக் கீபோர்டுல எல்லாப் பிள்ளையும் ஒழுங்கா வாசிக்கும். அதில உடைஞ்ச கட்டை கிடையாதே. ஹால் பியானோவுல மட்டும் தாண்டிப் போகும். டீச்சர் கேக்கிறது கீபோர்டு. ஹால்ல கேக்கிறது நான். எனக்கு அதில ஒரு குறையும் தெரியல.

விழா நாள் வந்தது. ஹால் நிறைய அப்பா அம்மா, தாத்தா ஆச்சி. கொடைக்கானல்லருந்து ஒரு நடுவர் அம்மா. மேஜையில ஒரு சின்ன மணி வச்சிருந்தாங்க. டிங்குன்னா ஒரு பிள்ளை மேடை ஏறணும். ஆரம்பிக்கும் முந்தியே சட்டம் சொல்லிட்டாங்க. யாரும் எழுந்திருக்கக் கூடாது, கூடச் சேர்ந்து பாடக் கூடாது, பிள்ளைகளுக்குச் சைகை காட்டக் கூடாது. காட்டினா அந்தப் பிள்ளைக்குப் பரிசு கிடையாது. நான் இன்ஜினை ஆஃப் பண்ணின கிரேன் மாதிரிக் கையைக் கட்டிக்கிட்டு மூணாவது வரிசையில உக்காந்தேன். பக்கத்தில மருமகள். அந்தப் பக்கம் டாக்டர் பொன்னையா.

முதல்ல வந்தது இவாஞ்சலின்னு ஒரு பொடிசு. நல்லா ஆரம்பிச்சது. திடீர்னு ஒரு இடத்தில நின்னுச்சு. அப்புறம் போச்சு. மறுபடி நின்னுச்சு. குண்டும் குழியுமான ரோட்டில இந்த பஸ்ஸு போற மாதிரி. பாவம், பயத்தில மறந்துட்டுன்னு எல்லாரும் கை தட்டினோம். ரெண்டாவது ஒரு பையன். அதே மாதிரி. மூணாவது வந்ததும் அதே மாதிரி. பியூலா டீச்சர் முகம் வெளிறிப் போச்சு. அஞ்சாவது பிள்ளை முடிச்சதும் நடுவர் அம்மா எழுந்து போய்ப் பியானோவைத் தானே அழுத்திப் பாத்தாங்க. அந்த உடைஞ்ச கட்டையை. ரெண்டு தடவை. கணீர்னு சத்தம் வந்தது, ஒரு கோளாறும் இல்ல. அந்த நேரம் பாத்து நாலாவது வரிசையில ஒரு ஆச்சி கொசு கடிச்சதுன்னு கன்னத்தில கை வச்சாங்க பாருங்க, மேடை ஓரத்தில நின்ன அத்தனை பிள்ளையும் "ஆ"ன்னு அலறிட்டது.

அப்பத்தான் நான் ஒண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு பிள்ளையும் அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கும். தலையைத் திருப்பி, கூட்டத்தில தன் தாத்தாவையோ ஆச்சியையோ தேடி ஒரு பார்வை பாக்கும். அப்புறம் அழுத்தாமத் தாண்டிப் போயிரும். எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவங்க மேல மரியாதை இல்லைன்னு யாரு சொன்னது? டாக்டர் பொன்னையா என் பக்கம் சாய்ஞ்சு, "யோபு, நீரு என்னவே சொல்லித் தொலைச்சீரு?"ன்னு காதில கேட்டார். சட்டம் போட்டிருக்காங்களே, பேசக் கூடாதேன்னு நான் பதில் சொல்லல.

டிங். ஹெப்சி.

அவ பாட்டைப் பத்தி டீச்சர் ஒருநாள் எனக்குச் சொல்லியிருந்தாங்க. "தாத்தா, இந்தப் பாட்டு எங்கெங்கேயோ சுத்தும். கடைசியில நடுக் கட்டையில வந்து நிக்கணும். அதுல நிக்கலைன்னா பாட்டு வீடு வந்து சேராது." நடுக் கட்டைன்னா எதுன்னு எனக்கு அப்பத் தெரியாது தம்பி. ஹெப்சி வாசிக்க வாசிக்கத் தெரிஞ்சு போச்சு, அந்த மூலை உடைஞ்ச கட்டைதான்னு.

நடுவில வந்த பள்ளத்தையெல்லாம் தாண்டிட்டாள். வேகமாத் தாண்டினதில அவ்வளவாத் தெரியல. கடைசி வந்தது. விரல் அந்தக் கட்டைக்கு மேல வந்து நின்னுட்டது. அழுத்தல. எடுக்கவும் இல்ல. திரும்பி என்னைப் பாத்தாள்.

அழுத்தினாத்தான் பரிசு, பரிசு வாங்கினாத்தான் அவ அப்பனுக்குக் குடுத்த வாக்கு நிக்கும். அவளுக்கு அப்பாவும் வேணும், என் பல்லும் வேணும். மருமகள் என் தொடையில கிள்ளினாள். "மாமா, ஏதாவது செய்ங்க."

என்ன செய்ய? தலையை ஆட்டினா சைகை. கண்ணைக் காட்டினா சைகை. நான் சட்டத்தை மதிக்கிறவன். அந்த நேரம் பாத்து எனக்கு ஈறு அரிச்சது தம்பி. அரிச்சா என்ன செய்வோம்? கழட்டினேன். மேல் வரிசை. அப்புறம் கீழ் வரிசை. ஆமா, கழட்டுறதுதான். அந்த மதுரைக் கல்யாணம் அப்படிப்பட்ட கல்யாணம். இப்ப என்ன, அப்படிப் பாக்கீங்க? உங்ககிட்ட இது என் சொந்தப் பல்லுன்னு நான் சொன்னேனா? வரிசை எப்படின்னுதானே கேட்டேன்? காசு குடுத்து வாங்கினதுன்னா சொந்தம்தானே.

ரெண்டையும் கைக்குட்டையில வச்சு, மடியில வச்சா ஈரம் ஆகிருமேன்னு, நெஞ்சுக்கு நேரா உள்ளங்கையில ஏந்திக்கிட்டேன். அவளைப் பாத்து வாய் நிறையச் சிரிச்சேன். சிரிக்கிறது எந்த ஊர்ல சைகை?

ஹெப்சி என் வாயைப் பாத்தாள். என் கையைப் பாத்தாள். மறுபடி வாயைப் பாத்தாள். அவ முகத்தில என்னென்னவோ வந்து போச்சு. அப்புறம் திரும்பி, அந்தக் கட்டையை அழுத்தினாள். லேசா இல்ல. அத்தனை மாசத்துக்கும் சேத்து வச்சு ஒரே அழுத்து. அழுத்தின விரலை எடுக்கவே இல்ல. சத்தம் அப்படியே ஹாலைச் சுத்தி வந்து, மெல்ல மெல்ல அடங்குச்சு.

பாட்டு வீடு வந்து சேந்துட்டது தம்பி.

முதல்ல டாக்டர் பொன்னையாதான் சிரிச்சார். இத்தனை நாள் அடக்கி வச்ச சிரிப்பு, நாற்காலியோட சேர்ந்து ஆடினார். அப்புறம் ஹாலே சிரிச்சது. நடுவர் அம்மா சிரிக்கல. டிங் டிங் டிங்குன்னு மணியை அடிச்சாங்க. "மூணாவது வரிசையில அந்தப் பெரியவர் சைகை காட்டினார். இந்தப் பிள்ளைக்குப் பரிசு இல்ல." நான் எழுந்து வாதாடினேன். ஆனா பல்லு கையில இருந்ததால நான் பேசினது அவங்களுக்குப் புரியல. நான் எழுந்தது அடுத்த குத்தம்னு எழுதிக்கிட்டாங்க.

கடைசியா டைட்டஸ். அந்தப் பயல் என்ன செஞ்சான் தெரியுமா? அந்தக் கட்டை வர்ற இடத்திலெல்லாம் மேல தள்ளி இருக்கிற இன்னொரு கட்டையை அழுத்திட்டுப் போனான். அதே ஸ்வரம், கொஞ்சம் கீச்சுன்னு கேக்கும், அவ்வளவுதான். பள்ளமே தெரியல. புதுசா யோசிச்சு வாசிக்கிறான்னு நடுவர் அம்மா பாராட்டி முதல் பரிசு குடுத்துட்டாங்க. என் கதையால வந்த யோசனை அது. எனக்கு ஒரு நன்றி கூடச் சொல்லல.

ஆட்டோவில வீட்டுக்குப் போனோம். சமாதானபுரம் தாண்டினப்புறம்தான் ஹெப்சி கேட்டாள்.

"அப்ப முளைக்கவே இல்லையா தாத்தா?"

"இல்லட்டி."

"அப்ப நான் அழுத்தாம இருந்ததெல்லாம்?"

அழ ஆரம்பிச்சிட்டாள். பரிசு போன துக்கம், பாவம். ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்னு சொன்னேன். "பரிசுக்கு இல்ல"ன்னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிட்டாள். பிள்ளைகள் வெளியே ஒத்துக்கிடாது, நாமதான் புரிஞ்சுக்கிடணும்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் என்கிட்ட அவ கதையே கேக்கல. சாப்பிடுவாள், ஹோம்வொர்க் எழுதுவாள், போயிருவாள். எனக்கென்ன, தொண்டைக்கு ஓய்வுன்னு இருந்தேன். ஒருநாள் சும்மா, திமிங்கிலம் ஒண்ணு என் கிரேன்ல மாட்டின விஷயத்தை ஆரம்பிச்சுப் பாத்தேன். "நெஜமாவா?"ன்னு கேட்டாள். அவ பிறந்ததிலருந்து என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல தம்பி. திமிங்கிலத்தைப் பாதியில விட்டுட்டேன். இன்னும் அது தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு.

அப்புறம்தான் கூத்து. கீத ஆராதனைக்குப் பெரிய கோயில்ல வாசிக்கணும்ல டைட்டஸ், அதுக்கு அந்த ஹால் பியானோவைத்தான் வருஷா வருஷம் கொண்டுபோய் வைப்பாங்க. கடைசிப் பாட்டு கனமான பாட்டு. ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கும், மேல தள்ளிப் போய் அழுத்துறதுக்கு விரல் மிச்சம் இருக்காது. ஒத்திகையில அந்த இடம் வந்ததும் டைட்டஸ் கையைக் கட்டிக்கிட்டான்.

"அழுத்துடே. அதெல்லாம் பொய்யின்னுதான் தெரிஞ்சுபோச்சே"ன்னு பியூலா டீச்சர் சத்தம் போட்டிருக்காங்க.

"எங்க தாத்தாவுக்கு இன்னும் ஏழு பல்லு இருக்கு டீச்சர்"னானாம் அவன். "அந்தக் கட்டையை மட்டும் ஹெப்சி அழுத்தட்டும். அவ தாத்தாவுக்குத்தான் போறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

டீச்சர் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சிட்டுச் சரின்னுட்டாங்க. ஒரே ஸ்டூல்ல ரெண்டு பேரும். பாட்டு முழுக்க அவன் வாசிப்பான், அந்தக் கட்டை வரும்போதெல்லாம் இவ. கடைசியில வந்து நிக்கிறதும் அந்தக் கட்டைதான், அதனால முடிச்சு வைக்கிறது இவதான். அவ அப்பன் இன்னைக்குச் சாயங்காலம் முன் வரிசையில உக்காந்து பாப்பான். பள்ளிக்கூட ஹாலுக்குள்ளதான் எனக்குத் தடை. கோயிலுக்குள்ள என்னை எவன் தடுப்பான்?

இன்னைக்குக் காலையில நான் கிளம்பும்போது ஹெப்சி வாசலுக்கு வந்தாள். ஒரு புதுக் கைக்குட்டையை என் பையில வச்சாள்.

"தாத்தா, நீங்களும் முன் வரிசையில உக்காரணும். பல்லைக் கழட்டி இதுல வச்சுக்கிடணும்."

"ஏன்ட்டி? அதான் பொய்யின்னு ஆயிட்டே?"

"டைட்டஸ் பயப்படுதான் தாத்தா." கொஞ்சம் தூரம் போயிட்டு, திரும்பி வந்தாள். என் வாயைப் பாத்துக்கிட்டே நின்னாள். "எதுக்கும் கழட்டியே வச்சிருங்க. இதுவும் போயிட்டா என்ன செய்வீங்க?"

ஊரே வந்திருக்கும் தம்பி. இளவட்டமா இருந்தப்ப அந்தக் கோயில்ல நான் சிரிச்சா மூணு பெஞ்சு திரும்பிப் பாக்கும். அங்கே போய், முன் வரிசையில, பொக்கை வாயோட! வேற யார் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடிச்சிருப்பேன். ஆனா பிள்ளை கைக்குட்டையை மடிச்சு வச்சிருக்கிறாளே.

மகன் பிளேன்லருந்து இறங்கி வரும்போது பல்லோட ஒரு தடவை நல்லாச் சிரிச்சுக்கிடுதேன். சாயங்காலம் இல்லாமச் சிரிச்சுக்கிட்டாப் போச்சு.

என்ன, வாகைக்குளமா? சீக்கிரம் வந்துட்டே. நியாயம் சொல்லாம விட்டுட்டீங்களே தம்பி? போட்டும், உங்க முகத்திலேயே எழுதியிருக்கு, நான் சைகை காட்டலைன்னு. கொஞ்சம் காலை மடக்குங்க, இறங்கிக்கிடுதேன். ஆங், அந்தக் கடலை மிட்டாயில ரெண்டு துண்டு குடுங்க. எனக்கில்ல. டாக்டர் பொன்னையாவுக்கு. அவருக்குத்தான் இன்னும் ஏழு இருக்கே.